நான் நீந்துவதாக டொக்டர் எழுதினார்

1

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒக்டோபர் மாதம், எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்வதற்காக டொக்டரிடம் போய், நான் நாள்தோறும் நீந்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவும் அண்ணன்மார் இருவரும் தரையில் இருந்த நேரத்தை விடத் தண்ணீரில் இருந்த நேரம்தான் அதிகம். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவருக்கும் தெரியாது. கரையில் இருந்து மீன் தரம் பிரிப்போம், கருவாடு காயப்போடுவோம். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் அம்மாவின் குரல் வந்துவிடும்.

இப்போது நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில். வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இதில் இருபத்தாறு வருஷம் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்று சால்மன் வெட்டினேன். காதில் அடைப்பான், கையில் கத்தி, முன்னால் மீனைச் சுமந்து ஓடுகிற பட்டி. வலது தோள்மூட்டுத் தேய்ந்து கை தூக்க ஏலாமல் போனதும் அறுபத்தொரு வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேக் வெட்டி, பூங்கொத்துத் தந்து, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

முதல் மாதம் விடுமுறை மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் முடியும்போது சோபாவில் என் உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இவர், என் கணவர், இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். மகள் ஷரோன் ஒஸ்லோவில். மாதத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பாள், அதுவும் நடந்துகொண்டோ, சமைத்துக்கொண்டோ. நான் கைப்பேசியில் ஒரு நாடகம் பார்ப்பேன், அது முடிய இன்னொன்று. பிறகு எது எந்தக் கதை என்று குழம்பும்.

அந்தக் குழப்பம் நாடகத்தோடு நிற்கவில்லை. ஒரு நாள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, புகை எழுந்து, தீயணைப்பு வாகனம் வாசலில் வந்து நின்றது. இன்னொரு நாள் கடைக் கவுண்டரில், பத்து வருஷமாக அழுத்திய வங்கி அட்டையின் நான்கு இலக்கம் கைக்கு வரவில்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க, நான் சாமானை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். காலையில் எழும்பினால் வீடு ஒரு சுற்றுச் சுற்றும்.

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் என்னை யாரென்று கேட்டவர். அந்தப் பயத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டரிடம் மட்டும் சொல்லலாம் என்று போனேன்.

நோர்வேஜிய மொழியில் தலைச்சுற்றுக்கு 'ஸ்விம்மெல்' என்று சொல்வார்கள். நீந்துவதற்கு 'ஸ்வொம்மெர்'. தொழிற்சாலை இரைச்சலில் மொழி படித்த எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் சொன்னதும் டொக்டரின் முகம் மலர்ந்தது. சின்ன வயதுப் பெண், நல்ல பிள்ளை. எவ்வளவு காலமாக என்று கேட்டாள். ஒரு வருஷமாக என்றேன். ஒவ்வொரு நாளுமா என்று கேட்டாள். பெரும்பாலும் காலையில் என்றேன். தனியாக இருக்கும்போதா என்று கேட்டாள். ஓம், இவர் வேலைக்குப் போன பிறகு என்றேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, ஆனால் விட்டுவிடாதே, தொடர்ந்து செய் என்றாள்.

நான் திகைத்துப் போனேன். மறதியைப் பற்றியும் சொன்னேன். அவள் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னாள், மணிக்கூடு ஒன்றின் படம் கீறச் சொன்னாள், இரத்தம் எடுத்தாள். பெரிய பழுது இல்லை, விற்றமின் குறைவாக இருக்கலாம் என்றாள். போகும்போது ஒரு தாள் தந்தாள். நட, நன்றாக நித்திரை கொள், மீன் சாப்பிடு, புதிதாக ஏதாவது பழகு, ஆட்களோடு கதை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

இவர் பின்னேரம் வந்து தாளை வாசித்துவிட்டுக் கேட்டார்: "உதுக்கு டொக்டருக்குப் படிக்கவேணுமே?"

தலைச்சுற்று நல்லதாம், தொடரட்டாம் என்று சொன்னேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நல்லது என்றுதான் சொல்வார்கள் என்று அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

2

இரண்டு கிழமையில் விற்றமின் குளிசை வந்தது. அதோடு நகரசபையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. நான்கு பக்கம். இந்த நாட்டில் எதுவும் நான்கு பக்கத்துக்குக் குறைவாக வராது. படம் எடுத்து ஷரோனுக்கு அனுப்பினேன்.

வழமையாக இப்படி அனுப்பினால் இரண்டு நாள் கழித்து 'ஓகே' என்று ஒரு பதில் வரும். இந்த முறை ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. எடுத்தால் பிள்ளை சிரிக்கிறாள். கதைக்க ஏலாமல் சிரிக்கிறாள். எனக்குக் கோபம் வரும்போல இருந்தது, ஆனால் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம் என்று நினைத்ததும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, நீங்கள் டொக்டருக்கு நீந்துறன் எண்டு சொல்லியிருக்கிறியள். அவ அதை எழுதிப் போட்டா."

கடிதத்தில் இருந்தது இதுதான். நாள்தோறும் நீந்தும் பழக்கம் உள்ள எனக்கு நகரசபை வாழ்த்துத் தெரிவிக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் நீச்சல் குழு செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அதில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பழக்கம் இல்லாத மற்றவர்களுக்கு நான் உற்சாகம் கொடுக்கலாம்.

அடுத்த நாள் நகரசபைக்குப் போன் எடுத்தேன். நான் நீந்துகிறவள் அல்ல, தலை சுற்றுகிறவள் என்று மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் கவனமாகக் கேட்டார். டொக்டரின் பதிவைத் திருத்துவதற்குத் தனியாக ஒரு படிவம் உண்டு, அது தனக்குரிய வேலை அல்ல, குழுவில் இருந்து விலகுவதற்கு வேறு படிவம், அது இணையத்தில் உண்டு, ஆனால் இப்போது வேலை செய்யவில்லை என்றார். நேரில் போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவது சுலபம் என்றார்.

அப்படித்தான் நான் நீச்சல் தடாகத்துக்குப் போனேன். நீந்துவதற்கல்ல, நீந்தமாட்டேன் என்று சொல்வதற்கு.

3

பயிற்சியாளரின் பெயர் ஊன்னி. எழுபத்துநான்கு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, தலையில் சிவப்புத் தொப்பி. நான் குளிர்க்கோட்டுடன் தடாகத்தின் ஓரத்தில் நின்று கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுவிட்டு, நீந்தத் தெரியாது என்றால் ஆழமில்லாத பக்கத்தில் தொடங்கவேண்டும், வியாழக்கிழமை உடுப்புக் கொண்டு வா என்றார்.

எனக்கு நீந்த விருப்பம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து 'விருப்பம் இல்லை' என்பதற்கு அவர்களுடைய மொழியில் மரியாதையான சொல் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மொழி தெரியாவிட்டால் மனிதர் எவ்வளவு தூரம் இழுபட்டுப் போகவேண்டி இருக்கிறது, பாருங்கள்.

ஷரோன் இணையத்தில் உடுப்பு வாங்கி அனுப்பினாள். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும் கறுப்பு உடுப்பு. அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது கடலில் கிடக்கும் சீல் பிராணி மாதிரி இருந்தேன். இவர் பார்த்துவிட்டு, "உமக்கு வடிவாத்தான் இருக்கு" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன மூன்றாவது புகழ்ச்சி இது.

ஆனால் உடுப்பல்ல பிரச்சினை. தடாகத்தில் இறங்க முதல் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். திரைச்சீலை இல்லாத பொது அறையில், உடுப்பு இல்லாமல். சுவரில் படம் வரைந்து விளக்கம் போட்டிருக்கிறார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்த நான் அந்தப் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றேன். என்னைச் சுற்றி எழுபது, எண்பது வயதுப் பெண்கள் பேரப்பிள்ளைகளின் கதையைக் கதைத்தபடி குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கூட என்னைப் பார்க்கவில்லை. நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு குளித்தேன். நான் கண்ணை மூடினால் மற்றவர்களுக்குத் தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

தண்ணீர் வெந்நீர் மாதிரி இதமாக இருந்தது. நெஞ்சளவு ஆழம். நான் கம்பியைப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தேன். ஊன்னி மிக நல்லது என்றார்.

4

கம்பியை விட எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லவேண்டும்.

போர்க்காலத்தில் நாங்கள் ஊரைவிட்டு ஓடியது வள்ளத்தில். பத்துப் பேர் ஏறவேண்டிய வள்ளத்தில் இருபத்திரண்டு பேர். பாதி வழியில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. என் அக்கா திரேசா ஒரு கையால் சோற்றுப் பானையில் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினாள். மற்றக் கையால் என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, கண்ணை மூடிக்கொள், நான் சொல்லும்வரை திறக்காதே என்றாள். எல்லோரும் கரை சேர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வள்ளம் ஏறவில்லை.

அக்கா பிறகு கல்யாணம் முடித்துப் போனது அனலைதீவுக்கு. ஊர்காவற்றுறை வரை பாலத்தாலும் தெருவாலும் காரில் போய்விடலாம். அனலைதீவுக்கு அங்கிருந்து வள்ளம்தான். நான் நோர்வேயிலிருந்து மூன்று தடவை ஊருக்குப் போனேன். மூன்று தடவையும் அக்காதான் என்னைப் பார்க்க வள்ளத்தில் வந்தாள். கையில் ஒரு பை நிறையக் கருவாடு, முகம் நிறையச் சிரிப்பு. நீ ஏன் வரவில்லை என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

நான் தடாகத்துக்குப் போகத் தொடங்கிய அந்த மாதம்தான் அக்கா போனில் சொன்னாள்.

"இனி எனக்கு வள்ளம் ஏறி இறங்கேலாதடி. முழங்கால் ரெண்டும் போட்டுது. நீ வந்தால் வா. இல்லாட்டி இப்பிடியே போனில பாப்பம்."

அவளுக்கு எழுபத்தொரு வயது. கணவர் இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் யாழ்ப்பாண நகரத்தில். அவள் குறையாக எதையும் சொல்லவில்லை. பிறகு மழையைப் பற்றிக் கதைத்தாள். நான் போனை வைத்துவிட்டு, இதுவரை நான் வள்ளம் ஏறாததற்கெல்லாம் அவள்தான் ஏறியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பியை விட்டேன்.

5

நீந்துவதற்கு முதலில் மூச்சை வெளியே விடப் பழகவேண்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஊதவேண்டும். ஊரில் நெருப்பு ஊதுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது. மிதப்பது அதைவிடக் கஷ்டம். மிதப்பதற்கு ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும். வாழ்க்கையில் எனக்கு அது மட்டும் பழக்கமில்லை. வேலை இல்லாமல் சோபாவில் இருந்தபோதும் மனம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நீச்சல் முடியக் கோப்பி குடிப்பார்கள். உண்மையில் எனக்குப் பயிற்சி அங்கேதான் நடந்தது. பதினொரு பெண்கள். ஊன்னி, ஓசெ, தூர்ஹில், சிக்ருன் என்று வாயில் நுழையாத பெயர்கள். முதல் நாள் இரண்டு பெயர், அடுத்த நாள் நான்கு. பஸ்ஸில் வரும்போது எண்ணி எண்ணிப் பாடமாக்குவேன். ஓசெயின் பூனைக்கு நீரிழிவு, தூர்ஹில்லின் மகன் விவாகரத்து, இதையெல்லாம் போன கிழமையிலிருந்து ஞாபகம் வைத்து, இந்தக் கிழமை விசாரிக்கவேண்டும். விசாரிக்காவிட்டால் மரியாதை இல்லை.

இருபத்தாறு வருஷம் நோர்வேஜியர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். ஒருவரோடும் பத்து வசனம் தொடர்ந்து கதைத்ததில்லை, காதில் அடைப்பான். இப்போது என் பிழைகளுக்கு அவர்கள் சிரிக்க, அவர்கள் சிரிப்புக்கு நான் சிரிக்க, கோப்பி ஆறிவிடும். ஒரு நாள், கணவருக்கு முட்டை பொரித்தேன் என்று சொல்வதற்குப் பதிலாகக் கணவரைப் பொரித்தேன் என்று சொல்லிவிட்டேன். அது ஒரு மாதம் ஓடியது.

ஜனவரி கடைசியில் ஒரு விபத்து. கொஞ்சம் மிதக்கப் பழகியதும் எனக்குத் துணிவு கூடிவிட்டது. தெரியாமல் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டேன். காலை ஊன்றினால் நிலம் இல்லை. அவ்வளவுதான், அந்த வள்ளம் வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும். ஊன்னி நீண்ட தடியை நீட்டி என்னை இழுத்து எடுத்தார். ஓரத்தில் இருந்து இருமிக்கொண்டு தமிழில் அழுதேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

அதன் பிறகு மூன்று கிழமை நான் போகவில்லை. சோபாவின் பள்ளம் என்னை மறக்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டது. காலைத் தலைச்சுற்று இல்லைத்தான், ஆனால் நாள் முழுவதும் ஒரு பாரம். இவர் வேலைக்குப் போக முதல் ஜன்னல் திரைச்சீலையை விலக்கிவிட்டுப் போவார். நான் எழும்பி அதை மூடுவேன்.

நாலாவது திங்கட்கிழமை கதவு மணி அடித்தது. ஊன்னி நின்றார். இந்த நாட்டில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. சகோதரங்கள் கூடப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். நான் என்னவோ ஏதோ என்று பயந்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சப்பாத்தோடு வாசலில் நின்றபடி, வியாழக்கிழமை கோப்பி போடுவது உன்னுடைய முறை என்றார். பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, மாற்ற ஏலாது. நீந்தாவிட்டால் பரவாயில்லை, கோப்பி போடவேண்டும்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டியலை மீறுவது இங்கே பாவத்துக்குச் சமம். வியாழக்கிழமை கோப்பி போடப் போனேன். கூடவே எங்கள் ஊர் மீன் ரோல்ஸ் இருபது சுட்டுக்கொண்டு போனேன். உறைப்புக் கூடிவிட்டது, எல்லோருடைய மூக்கும் சிவந்தது, ஆனால் ஒன்றும் மிஞ்சவில்லை. எப்படியும் வந்ததுதானே என்று தண்ணீருக்குள்ளும் இறங்கினேன்.

6

ஷரோன் இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போன் எடுக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் சிரிப்பதற்காகத்தான் எடுத்தாள். இன்றைக்கு எவ்வளவு தூரம், தடி நீட்டினார்களா என்று கேட்பாள். பிறகு அவளுடைய வேலையைப் பற்றி, அவளுடைய நித்திரையில்லாத நாட்களைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழில் சில சொற்கள் வராது. எனக்கு நோர்வேஜிய மொழியில் பல சொற்கள் வராது. முன்பு அந்த இடத்தில் இருவரும் கதையை நிறுத்திவிடுவோம். இப்போது நான் பிழையாகவே சொல்லிவிடுவேன். அவள் திருத்துவாள், கதை மேலே போகும்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தடாகத்தின் ஓரத்தில் நீல நெகிழி உறை போட்ட சப்பாத்துக் காலோடு ஒரு பெண் இருந்தாள். கண்ணில் தண்ணீர் பட்டதால் முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பார்த்தால் ஷரோன். லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் வந்திருக்கிறாள். நான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, இருபத்தைந்து மீற்றர், நடுவில் நிற்காமல் நீந்தினேன். தவளை மாதிரி, மூச்சிரைக்க, மெதுவாக. பக்கத்து வரிசையில் எண்பத்திரண்டு வயது ஓசெ என்னைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்துவிட்டார். அந்தக் கரையைக் கை தொட்டதும் பதினொரு பெண்களும் கைதட்டினார்கள். ஷரோன் வீடியோ எடுத்தாள். தானும் கைதட்டப் போனதில் பாதி வீடியோ கூரைதான்.

அதை அக்காவுக்கு அனுப்பினோம். ஒரு மணித்தியாலம் கழித்து அவளுடைய குரல் வந்தது.

"உதென்னடி உடுப்பு?" என்றாள் முதலில். பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப இனி நீ வரலாம்தானே."

அக்கா இத்தனை வருஷத்தில், 'வந்தால் வா' என்று விடாமல் என்னை வரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

7

சோளகக் காற்று முடிந்து, மாரி மழையும் முடிந்து, கடல் அடங்குகிற மார்ச் மாதத்துக்கு விமான ரிக்கெற் எடுத்தோம். இவருக்கு மூன்று கிழமை லீவு.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றபோது காலுக்குக் கீழே நிலம் ஆடியது. விற்றமின் குறைவு அல்ல, வெறும் பயம். நீந்தத் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. வெந்நீர்த் தடாகம் வேறு, கடல் வேறு. இருபத்தைந்து மீற்றர் நீந்துகிறவளுக்கு இத்தனை மைல் கடலில் என்ன செய்ய முடியும் என்று மனம் கணக்குப் போட்டது.

வள்ளக்காரப் பெடியனிடம் பாதுகாப்பு அங்கி கேட்டேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய், தூசு தட்டி ஒன்று எடுத்து வந்து தந்தான். மற்றவர்களும் அதைப் பார்த்துத் தங்களுக்கும் கேட்டார்கள். இவர் மட்டும் வேண்டாம் என்றார். நான் பார்த்த பார்வையில் அவரும் போட்டுக்கொண்டார்.

ஆட்கள் வள்ளத்தின் உள்பக்கம் பலகையில் இருந்தார்கள். நான் மேலே, காற்றுப் படுகிற இடத்தில் இருக்கக் கேட்டேன். எஞ்சின் இரைந்தது. வள்ளம் முதல் தடவை சரிந்தபோது கண் தானாக மூடியது. உடனே திறந்தேன். மறுபடியும் மூடியது, மறுபடியும் திறந்தேன். முகத்தைத் தண்ணீரில் வைத்து ஊதுகிற மாதிரி மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படித் திறந்து மூடி, திறந்து மூடி, பாதி வழியில் பார்த்தால் கண் திறந்தே இருந்தது. கடல் பச்சையும் நீலமுமாக, அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. நான் பிறந்து வளர்ந்த கடலை நடுவில் இருந்து பார்த்தது அன்றுதான்.

அக்கா துறைக்கு வந்திருந்தாள். ஓட்டோவுக்குள் இருந்தபடி, வெளியே இறங்க ஏலாமல், இரண்டு கையையும் நீட்டினாள். நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. வள்ளத்தில் தலை சுற்றிச் சத்தி எடுத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

8

அக்காவின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பனங்காணிதான். அந்தப் பக்கம் கடல் ஆழமில்லை, கன தூரம் போனாலும் இடுப்பளவுதான். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, கறுப்பு உடுப்புக்கு மேலே இவருடைய பெரிய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் இறங்கினேன். அக்கா இவருடைய தோளைப் பிடித்து வந்து, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கரையில் காவலுக்கு இருந்தாள். நான் நாலடி போனதும், காணும், போதும் வா என்று சத்தம் போட்டாள். அக்காவை மாமி என்று கூப்பிட்டு, வீட்டு உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டு வசந்தா வேலியில் நின்று பார்த்தாள்.

அக்காவின் நாட்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருந்தன. காலையில் கதிரை, மத்தியானம் கட்டில், பின்னேரம் ரீவி. முழங்கால் நோகும் என்று நடப்பதில்லை. நடக்காததால் இன்னும் நோகும். சமையல் வசந்தா. ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. ஒரு நாள் என்னை அம்மாவின் பெயரால் கூப்பிட்டுவிட்டு, தானே திடுக்கிட்டு, பிறகு சிரித்துச் சமாளித்தாள். அந்தத் திடுக்கிடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டொக்டர் தந்த தாளைப் பற்றி அக்காவுக்குச் சொன்னேன். நட, நித்திரை கொள், புதிதாகப் பழகு என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. முழங்கால் இல்லாதவளுக்கு நடக்கச் சொல்கிறாயா என்று கேட்டாள். நான் தாளின் கதையை அதோடு விட்டுவிட்டேன். அறிவுரை சொல்வதற்கு நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

நாலாம் நாள் காலை நான் கொஞ்சம் தூரம் போய், மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் அக்கா கூப்பிட்டது கேட்கவில்லை. அசையாமல் கிடப்பதைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். கதிரையை விட்டு எழும்பி, வசந்தாவின் தோளைப் பிடித்து, திட்டிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அக்கா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். சேலை அவளைச் சுற்றிக் குடை மாதிரி விரிந்து கிடக்கிறது.

நான் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, தலை குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். மற்றக் காலை எடுத்து வைத்தாள்.

"இஞ்ச பார், நோகேல்லையடி," என்றாள்.

உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, அதுதான் காரணம் என்று ஊன்னி எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். அக்கா கேட்டமாதிரித் தெரியவில்லை. நடந்துகொண்டிருந்தாள். கரையோரமாக, இடுப்பளவு தண்ணீரில், வசந்தாவின் கையை விட்டுவிட்டு, அந்தப் பனை வரை போய்த் திரும்பி வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பிடி இல்லாமல் வாசல் படலை வரை கூட நடக்காதவள்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு நான் எழும்ப முதலே அவள் பழைய ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் ஆயத்தமாக இருந்தாள். அதற்கு அடுத்த நாள் வசந்தாவின் மாமியார் வந்தார், அவருக்கும் முழங்கால். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேர். நால்வரும் நடந்துகொண்டே ஊர்ப் புதினம் கதைத்தார்கள். யாரோ ஒரு பெரியவர் கரையில் நின்று, வயது போன காலத்தில் இது என்ன என்று கேட்டாராம். அக்கா அவருடைய முழங்காலைப் பற்றி விசாரித்தாளாம். அவர் வந்த வழியே போய்விட்டாராம்.

புறப்படும் நாள் அக்கா அழுதாள், நானும் அழுதேன். பயணம் சொல்லும்போது வசந்தாவை மெதுவாகத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவைத் தனியாகத் தண்ணீரில் விடவேண்டாம் என்றேன். தான் ஒவ்வொரு நாளும் வருவேன் என்றாள். ஒரு கிழமை போனால் விட்டுவிடுவார்கள் என்றுதான் விமானத்தில் இவரிடம் சொன்னேன்.

9

இங்கே மே மாதம் வந்துவிட்டது. மழை நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் சூடான மழை. நான் இப்போது ஐம்பது மீற்றர். மறதி முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். போன கிழமை கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் தேடினேன். ஆனால் அதை ஷரோனுக்குச் சொல்லிச் சிரிக்க முடிகிறது, பயந்து மறைக்கத் தேவையில்லை. ஷரோனும் ஒஸ்லோவில் ஒரு தடாகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள். காலையில் நித்திரை வருகிறது என்கிறாள், இரவில் வராத நித்திரை. ஏதோ ஒன்று வந்தால் சரி.

நேற்றுக் காலை, ஒரு யோசனை தோன்றி, வழமையான நேரத்துக்கு முதல் அக்காவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை வசந்தா எடுத்தாள். இன்றைக்கு அக்காவோடு தன்னுடைய மாமியார் நிற்கிறார், தான் சமைக்க வந்தேன் என்றாள். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"மாமி கடலுக்குப் போயிட்டா," என்றாள்.

அப்பாவைத் தேடி, அண்ணன்மாரைத் தேடி வாசலுக்கு வந்தவர்களுக்கு அம்மா வாழ்நாள் முழுவதும் சொன்ன பதில் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணைப் பற்றி அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை மணிக்குத் திரும்பி வருவா என்று கேட்டேன்.

"சொல்லேலாது அன்ரி. இண்டைக்குக் கடல் நல்ல அமைதி."